பூங்கா நிலமாற்றம் என்றால் என்ன, அதற்கு ஏன் இத்தனை எதிர்ப்பு?

பொதுப் பூங்கா நிலத்தைக் குடியிருப்பு கட்டுவதற்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக வேறோர் இடத்தில் நிலம் பெற்றுக்கொள்வதே பூங்கா நிலமாற்றம். வீடுகளுக்கான தேவை உண்மையானது. பூங்காவோ ஏற்கெனவே சாலையும் குடிநீரும் உள்ள பகுதியில் இருப்பதால், கட்டுபவரின் கண் முதலில் அதன்மீது படுகிறது.

சிக்கல் பரப்பளவில் இல்லை, பயனில் இருக்கிறது. வாசலருகே உள்ள தண்ணீர்க் குழாயை எடுத்துவிட்டு, நான்கு தெரு தள்ளி அதைவிடப் பெரிய குழாய் வைத்தால், குடம் சுமப்பவருக்கு அது ஈடாகுமா? கைத்தடியை ஊன்றி மர நிழலில் உள்ள பெஞ்சு வரை மட்டுமே நடக்க முடிந்த முதியவருக்கு, ஊர் எல்லையில் இரு மடங்கு நிலம் கிடைத்தும் பயனில்லை. அங்கே நடப்படும் கன்று நிழல் தருவதற்கும் பல ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டின் நிலம், நீர் பாதுகாப்பு நிதிச் சட்டம், அந்நிதியால் உருவான பூங்காவை மாற்றும்போது சம சந்தை மதிப்போடு, ஏறத்தாழ இணையான பயனையும் அமைவிடத்தையும் கேட்பது இதனால்தான். இது மிகச் சரியான அளவுகோல் என்பேன்.

எதிர்ப்பவர்கள் வீடுகளையே வேண்டாம் என்கிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அவர்களில் பலர் கேட்பது, மாற்றுப் பூங்கா நடந்து போகும் தூரத்தில் முதலில் திறக்கப்பட வேண்டும், அதன் பிறகே பழைய நிலம் கைமாற வேண்டும் என்பதைத்தான்.