தொழில் ஆலோசகர், நிர்வாகப் பயிற்சி இதெல்லாம் உண்மையிலேயே லாபம் தருமா?

அப்பா நடத்திய தறிக்கூடத்தை இப்போது நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள், ஆலோசகர் ஒருவர் பெரிய தொகை கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நூல் வியாபாரம் செய்பவன் நான், தறிக்கூடங்களுக்குள் போய்வருவதுதான் பிழைப்பு. என் பதில்: பயன் உண்டு, ஆனால் ஆலோசகர் கிளம்பிய பிறகு யார் தொடர்ந்து செய்யப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இதை ஊகத்தில் சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூம், உலக வங்கியின் டேவிட் மெக்கன்சி உள்பட ஐந்து ஆய்வாளர்கள் 2008-ல் மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதி நெசவு ஆலைகளில் இதையே சோதித்தார்கள். அக்சென்ச்சர் என்ற பன்னாட்டு ஆலோசனை நிறுவனத்தின் ஆட்கள் ஐந்து மாதம் ஆலையிலேயே வேலை பார்ப்பார்கள், காசு வேண்டாம். வெளியில் கேட்டால் ஓர் ஆலைக்கு 2,50,000 டாலர் ஆகும் சேவை அது. அப்படியும் அணுகிய 66 நிறுவனங்களில் கடைசிவரை ஒத்துக்கொண்டவை 17 தான்! நம் முதலாளிகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

உள்ளே போய்ப் பார்த்தால், நூல் மூட்டைகளைப் பின்வரிசைக்குப் போக வழியே இல்லாமல் அடுக்கியிருந்தார்கள். நூல் சுற்றிய கோன்கள் நசுங்கிக் கிடந்தன. ஸ்பேர் பார்ட்ஸில் லேபிள் கிடையாது. எனக்கு உறைத்தது மெண்டிங் விஷயம். வேலையாட்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் துணியில் விழுந்த பழுதைச் சரிசெய்துகொண்டிருந்தார். பழுது எந்தத் தறியில், எந்த டிசைனில் அடிக்கடி வருகிறது என்று அலசிப் பார்க்க ஆளில்லை. ஆலோசகர்கள் செய்தது ராக்கெட் விஞ்ஞானமில்லை. பழுதைத் தறிவாரியாக எழுதவைத்தார்கள், தினமும் காலையில் சூப்பர்வைசர்களை உட்காரவைத்து அதைப் பேசவைத்தார்கள், தறி நிற்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே பராமரிக்கச் சொன்னார்கள், நூல் இருப்பைக் கணக்கில் கொண்டுவந்தார்கள். இப்படி மொத்தம் 38 நடைமுறைகள். முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது.

இத்தனை நாளும் ஏன் செய்யவில்லை? சிலவற்றை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டதையும், 'லாபம் வந்துகொண்டுதானே இருக்கிறது, இதில் என்ன கூடிவிடப்போகிறது' என்று விட்டிருந்தார்கள். சரி, மோசமாக நடத்துபவரைப் போட்டி வெளியே தள்ளிவிடாதா என்று கேட்கலாம். அங்கேதான் குடும்பம் வருகிறது. நிர்வாகம் எப்படி இருந்தாலும், வீட்டில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதுதான் நிறுவனத்தின் அளவைப் பெரிதும் தீர்மானித்தது. வெளியாள் கையில் பொறுப்பைக் கொடுத்தால் திருட்டுப் போகும் என்ற பயம். கோர்ட்டுக்குப் போனாலும் லேசில் முடியாது. தம்பியோ மகனோ இல்லாதவர், நன்றாக நடத்தினாலும் இரண்டாவது ஆலை போடத் தயங்கினார். (பெண் பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காததற்கு யாரைக் குறை சொல்வது?)

2017-ல் திரும்பப் போய்ப் பார்த்தபோது, புதிதாகப் பழக்கியவற்றில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. மேனேஜர் மாறியதும், முதலாளிக்கு நேரம் இல்லாததும் முக்கியக் காரணங்கள். ஆனாலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இந்த முழு உதவியைத் தராமல் வைத்திருந்த ஆலைகளைவிட இவை முன்னால்தான் இருந்தன. அதே முதலாளிகளின் வேறு ஆலைகளுக்கும் சில நடைமுறைகள் பரவியிருந்தன.

ஒன்று கவனியுங்கள். அவை சராசரியாக 270 பேர் வேலைசெய்த நிறுவனங்கள். உங்களுடையது சின்னக் கூடம் என்றால் அதே 17 சதவீதத்தை எதிர்பார்த்துக் காசைக் கொட்ட வேண்டாம். முதலில் ஒரு நோட்டு போட்டு மூன்று மாதம் தறி நம்பர், பழுது, தறி நின்ற நேரம் மூன்றையும் எழுதவையுங்கள். அப்புறம் அந்த ஆலோசகரிடம் நோட்டைக் கொடுத்து, இதில் எதைக் குறைப்பீர்கள், எப்போதுக்குள் என்று கேளுங்கள். நோட்டைப் புரட்டாமலே பேச ஆரம்பித்தால் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.