கசிகிறது என்று மேலும் முறுக்காதீர்கள்

வணக்கம் நண்பரே. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் பேனுக்கு (அடியில் எண்ணெயைத் தாங்கும் தட்டு) புது கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் பட்டை) போட்டும் ஓரத்தில் கசிகிறது, போல்ட்டுகளை இன்னும் இறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலும் அதிகமாக இறுக்கியதுதான் கசிவுக்கே காரணம்.

பேனைக் கழற்றி, விளிம்பில் ஒரு நேரான இரும்பு அளவுகோலை வைத்துப் பாருங்கள். இறுக்கம் மிஞ்சியிருந்தால் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகடு கேஸ்கெட் பக்கமாகப் புடைத்திருக்கும். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே அழுத்தமே இருக்காது. எண்ணெய் அங்கேதான் வழி தேடும். தகட்டுப் பேன் என்றால் சமமான கட்டையில் வைத்து மெல்லத் தட்டி நிமிர்த்திவிடலாம். நசுங்கிய கேஸ்கெட்டை மாற்றிவிடுங்கள்.

பல கார்களில் இந்த போல்ட்டுகளுக்குத் தேவை 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கமே. உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் சரியான எண் இருக்கும், அலகைக் கவனியுங்கள். அங்குல-பவுண்டை அடி-பவுண்டாகப் படித்துவிட்டால் 12 மடங்கு இறுக்கம்! கியர்பாக்ஸின் அலுமினியக் கூட்டில் உள்ள மரை உரிந்துவிடும்.

துளைகளில் எண்ணெய் தேங்கவிடக் கூடாது. அடி மூடிய துளையில் எண்ணெய் இருந்தால் போல்ட் இறங்கும்போது கூடே விரிசல் விடலாம். எல்லாவற்றையும் முதலில் கையால் திருகுங்கள். பிறகு சிறிய டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்), நடுவிலிருந்து வெளிப்புறமாக, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.