உப்புத் தண்ணீருக்கு 26,000 ரூபாய் கருவி: ஆர்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: கோவை புறநகரில் சொந்த வீடு. குடிக்க சிறுவாணி வருகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கெய்சர் காயில் போய்விடுகிறது, 1,800 ரூபாய் செலவு. வாஷிங் மெஷின் சர்வீஸுக்கு வருடம் 900. சோப்பும் சோப்புத்தூளும் மாதம் 150 ரூபாய்க்குக் கூடுதலாகக் கரைகின்றன. 26,000 ரூபாய்க்கு எலக்ட்ரானிக் வாட்டர் சாஃப்ட்னர் மாட்டினால் கரண்ட் பில் 30 சதவீதம் குறையும், இரண்டே வருடத்தில் போட்ட காசு வந்துவிடும் என்கிறார் விற்பனையாளர். மகளின் காலேஜ் ஃபீஸுக்காகப் போட்டுவரும் ஆர்.டி.யை முடித்து வாங்கலாமா?

பதில்: ஆர்.டி.யில் கை வைக்காதீர்கள்.

இந்தக் கருவியில் நல்லது இல்லாமல் இல்லை. பைப்பை வெட்டாமல் மேலே ஒயரைச் சுற்றினால் போதும். உப்பு மூட்டை வாங்க வேண்டாம், கழிவுநீர் கிடையாது, வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். ஆனால் தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் இது எடுப்பதில்லை. அவை காயிலில் கெட்டியாக ஒட்டாமல் தடுக்கும் என்பது மட்டுமே இதன் வாக்குறுதி. அதிலும் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

சோப்பை நுரைக்கவிடாமல் வீணாக்குவது அந்த இரண்டும்தான். ஆகவே சோப்புச் செலவு குறையாது. நீங்களே பார்க்கலாம். ஒரே அளவு பாட்டில் இரண்டு எடுத்து, ஒன்றில் சிறுவாணியும் மற்றதில் போர் தண்ணீரும் பாதியளவு ஊற்றுங்கள். குளியல் சோப்பை ஒரே அளவு சீவிப் போட்டுக் குலுக்குங்கள். சிறுவாணியில் நுரை பொங்கும். போர் தண்ணீர் பால்போல் கலங்கி, மேலே திட்டுத் திட்டாக அழுக்கு மிதக்கும். இந்தக் கருவி மாட்டிய வீட்டுத் தண்ணீரையும் இதேபோல் குலுக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். கருவி சொன்னபடியே வேலை செய்தாலும் மிச்சமாவது காயிலுக்கு வருடம் 900, சர்வீஸுக்கு 900, மொத்தம் 1,800 ரூபாய். 5 வாட் கருவி இரவும் பகலும் ஓடினால் வருடம் சுமார் 44 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றால் 264 ரூபாய் போகும். மீதி 1,536. போட்ட 26,000 திரும்ப ஏறக்குறைய 17 வருடம் ஆகும்!

அந்த 30 சதவீதக் கதையையும் நான் ஏற்கமாட்டேன். காயில் தண்ணீருக்குள்ளேயே முங்கி இருக்கிறது. மேலே முட்டை ஓடுபோல வெள்ளைப் படிவு ஏறினாலும் அதன் சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போகவேண்டும். காயில் அளவுக்கு மீறிச் சூடாகிச் சீக்கிரம் எரியும், அது உண்மை. கரண்ட் அந்த அளவுக்கு வீணாகாது.

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்று அடுத்துச் சொல்வார்கள். ரொக்கத்துக்கு என்ன தள்ளுபடி என்று கேளுங்கள். வட்டி அதில்தான் ஒளிந்திருக்கும். கிரெடிட் கார்டு என்றால் வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் சேரலாம்.

இப்போதைக்கு கெய்சர் சூட்டை 50 டிகிரிக்குக் குறையுங்கள். சூடு ஏற ஏறத்தான் படிவு அதிகமாகும். வருடம் ஒருமுறை காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்புறம், போர் தண்ணீரை லேபில் கொடுத்துக் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று பாருங்கள். டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது வேறு, அது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்த அளவு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. உங்கள் தண்ணீர் 600-ஐத் தாண்டினால், கால்சியத்தை நிஜமாகவே எடுக்கும், உப்புப் போட்டு ஓடும் ரெசின் சாஃப்ட்னருக்காக மாதம் 1,000 ரூபாயில் தனி ஆர்.டி. தொடங்குங்கள். உப்புச் செலவையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.