லாரிப் பந்தயத்துக்குப் போகிறேன் என்னும் மகனைப் பற்றி, சங்ககிரி லாரி உரிமையாளர் ஒருவருக்கு

ஐயா, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகனின் மேல்வழி பற்றிக் கேட்க என்னிடம் அவனை அழைத்துக்கொண்டு வந்தபோது நீங்கள் உட்காரும் முன்பே சொன்னது இதுதான்: "முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை இது. என் பிள்ளை அதைப் பிடிக்கக் கூடாது என்றுதான் டிப்ளமோ படிக்க வைத்தேன். இவன் பந்தயத்தில் லாரி ஓட்டப் போகிறேன் என்கிறான்." பையன் தலை நிமிரவில்லை.

இடையில் கைப்பேசி அழைப்புக்காக நீங்கள் வெளியே போனீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அவன் என் மேசையிலிருந்த தாளை இழுத்து ஒரு படம் போட்டான். சக்கரம், அதற்குள் பிரேக் டிஸ்க், டிஸ்கை நோக்கி நீளும் சின்னக் குழாய்கள், அவை போய்ச் சேரும் ஒரு தண்ணீர்த் தொட்டி. "நான் ஓட்டப் போகவில்லை சார். இந்த வேலைக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது" என்றான். நீங்கள் திரும்பி வந்ததும் வாயை மூடிக்கொண்டான். அந்தத் தாளை எதிரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு, இவன் சொல்லும் ஐரோப்பிய டிரக் பந்தயச் சாம்பியன்ஷிப்பின் ஒரு சீசனை முதலிலிருந்து கடைசிவரை இரவுகளில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பிள்ளை எதைப் பார்த்து மயங்குகிறான் என்று தெரியாமல் அவனுக்கு வழி சொல்வது தவறு.

1985 முதல் நடந்துவரும் போட்டி அது. டிரெய்லர் இல்லாமல் முன்பகுதி மட்டும் ஓடும். ஐந்து டன்னுக்கு மேல் எடை, 13 லிட்டர் வரை கொள்ளளவுள்ள டர்போ டீசல் எஞ்சின், ஆயிரம் குதிரைத் திறனைத் தாண்டிய பலம். ஆனால் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதைத் தாண்டினால் தண்டனை. நீங்கள் அஞ்சும் வேகத்துக்கு அங்கே விதியே கடிவாளம் போட்டிருக்கிறது. அதனால் நேர்ச்சாலையில் எல்லா வண்டியும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். யார் எங்கே பிரேக்கில் கால் வைக்கிறார், வளைவிலிருந்து யார் முதலில் வெளியேறுகிறார் என்பதில்தான் பந்தயமே இருக்கிறது.

இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொப்பூர் கணவாயில் பாரத்தோடு இறங்கும்போது டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போவது என்னவென்று உங்கள் காலுக்குத் தெரியும். அந்த லாரிகளும் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை உச்ச வேகத்திலிருந்து முடக்கு வளைவுக்கான வேகத்துக்கு இறங்குகின்றன. காற்று மட்டும் போதாது. அதனால் ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஓடி, பழுக்கக் காய்ந்த டிஸ்கின் மேல் அதைப் பீய்ச்சுகிறார்கள். வளைவுக்கு வளைவு சக்கரத்தைச் சுற்றிப் புகைபோல எழுவது நீராவி. தண்ணீர் முன்னதாகவே தீர்ந்துபோனால் கடைசிச் சுற்றுகளில் பிரேக்கை நம்ப முடியாது. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு, எப்போது என்று கணக்குப் போட ஒருவர் வேண்டும். உங்கள் மகன் வரைந்த படம் அந்த ஒருவருடைய வேலை. இறக்கத்தில் உங்கள் வயிற்றைக் கலக்கிய அதே கேள்விக்கு அவன் விடை தேடுகிறான். இதை நீங்கள் வேறு தொழிலாகவே நினைப்பதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரும்புகை தள்ளினால் அங்கே தண்டனை உண்டு. 2021 முதல் தாவர எண்ணெய், கழிவுக் கொழுப்பு போன்றவற்றிலிருந்து செய்த புதுப்பிக்கத்தக்க டீசலில்தான் எல்லா லாரியும் ஓடுகிறது. தகுதிச் சான்றுக்காக (எஃப்.சி.) வண்டியைக் காட்டும்போது புகைச் சோதனையில் நீங்கள் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் குதிரைத் திறனைப் புகை தெரியாமல் எடுக்கக் கற்ற பையனுக்கு நாளைக்கு எந்தப் பட்டறையிலும் மரியாதை உண்டு.

இனி, இந்தத் தொழிலில் சோறு உண்டா என்ற உங்கள் கேள்வி. அதற்கும் சீசனே பதில் சொல்கிறது.

மே மாதம் இத்தாலியின் மிசானோவில் தொடங்கும். ஸ்லோவாக்கியா, போலந்தின் போஸ்னான், ஜூலை நடுவில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். பிறகு ஏறக்குறைய ஒன்றரை மாதம் இடைவெளி. செப்டம்பரில் செக் நாட்டின் மோஸ்ட், பெல்ஜியத்தின் சோல்டர், பிரான்சின் லெ மான் என்று மூச்சுவிட நேரமில்லாமல் வரும். ஸ்பெயினின் ஹராமாவில் முடியும். 2023 சீசன் இப்படித்தான் போனது. எட்டு வார இறுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு பந்தயங்கள், ஆக 32. சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. அன்றைய முதல் பந்தயத்தில் முதல் எட்டு இடங்களுக்குள் வந்தவர்கள் இரண்டாவதில் தலைகீழ் வரிசையில் நிற்க வேண்டும். காலையில் வென்றவர் மாலையில் எட்டாவது இடத்திலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு வர வேண்டும். அந்த நெரிசலில் பம்பர் நசுங்கும், ஃபெண்டர் கிழியும், சில சமயம் அச்சே வளையும். அடுத்த நாள் காலைக்குள் வண்டி நிற்க வேண்டும். விளக்கைப் போட்டுக்கொண்டு இரவு முழுக்க வண்டிக்கு அடியில் கிடப்பவர்களைத் தொலைக்காட்சி அதிகம் காட்டுவதில்லை. உங்கள் மகனுக்குக் கிடைக்கக்கூடிய இடம் அதுதான். அவனிடமும் இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

ஆண்டுக்கு 52 வாரம். பந்தயம் எட்டு வாரம். ஓர் அணியில் ஓட்டுநரைத் தவிர உள்ளவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். பந்தயத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் நடத்த முடியாது என்றுதான் நான் சொல்வேன். உங்கள் பயத்தின் இந்தப் பாதி நியாயமானது.

ஆனால் அங்கே வென்றுகொண்டிருப்பவர்கள் யார் என்று பாருங்கள். ஹங்கேரியின் நோர்பர்ட் கிஷ் 2014, 2015, பிறகு 2021 தொடங்கி 2024 வரை தொடர்ந்து நான்கு என்று அதுவரை ஆறு பட்டங்கள் எடுத்தவர். அவர் பின்னால் எடுத்த பட்டங்களுக்குத் துணைநின்ற ரெவேஸ் அணி, அந்த நாட்டில் சரக்குப் போக்குவரத்து நடத்தும் ரெவேஸ் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. அதாவது லாரி வைத்திருக்கிறவர்கள்! ஜெர்மனியின் யோகன் ஹானும் 2011 முதல் 2019 வரையிலான காலத்தில் ஆறு பட்டங்கள் வென்றவர். அவருடைய தந்தை கொன்ராட் ஹானும் டிரக் பந்தயக்காரர்தான். மகன் லூக்காசும் களத்துக்கு வந்துவிட்டார். மூன்று தலைமுறை ஒரே எண்ணெய் வாசனையில் வளர்ந்த குடும்பம். பெண்கள் இல்லையா என்றால், ஸ்டெஃபி ஹால்ம் அதே களத்தில் ஆண்களோடு மோதிப் பந்தயங்களை வென்றிருக்கிறார். உங்கள் இளைய மகளும் பேச்சைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

2020இல் கொரோனாவால் இரண்டு சுற்றுகள் மட்டுமே நடந்தன, பட்டமே வழங்கப்படவில்லை. அப்படிப்பட்ட ஆண்டில் பந்தயத்தை மட்டும் நம்பியவன் என்ன செய்திருப்பான்? கனரக வாகன மெக்கானிக்காக அடித்தளம் போட்டவன் திங்கட்கிழமை பட்டறைக்குப் போயிருப்பான். இதுதான் நான் சொல்ல வந்தது: கனரக வாகனத் தொழில் அவனுக்குச் சோறு போடட்டும், பந்தயம் அந்தத் தொழிலைக் கூர்தீட்டட்டும். வரிசை மாறக் கூடாது.

நம் நாட்டில் இல்லையா என்று கேட்டீர்கள். 2014இல் கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசத் தடத்தில் டாடா நிறுவனம் பிரைமா லாரிகளை வைத்துப் பந்தயம் தொடங்கியது. முதலில் பிரிட்டன் ஓட்டுநர்கள் வந்து ஓட்டினார்கள். 2016இல் நம் நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்களுக்கே பயிற்சி கொடுத்துக் களத்தில் இறக்கினார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. என்றாலும் ஒரே நிறுவனத்தின் ஆர்வத்தில் நடந்த போட்டியை நம்பி ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.

அவனுக்கு நான் சொல்லும் வழி இது. டிப்ளமோ முடிந்ததும் ஓராண்டு அப்ரண்டிஸ். சென்னை தரமணியிலுள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாகப் பதிவு செய்யலாம். மாதம் உதவித்தொகையும் உண்டு. ஒரகடத்திலோ ஓசூரிலோ லாரி செய்யும் ஆலைகள் இருக்கின்றன. ஆலை கிடைக்கவில்லையென்றால் பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றில் சேரட்டும். காரும் பைக்கும் பழுதுபார்க்கும் இடத்தில் மட்டும் சேர்க்காதீர்கள். காற்றுப் பிரேக்கும் பெரிய டர்போவும் அங்கே கைக்கு வராது.

அதே ஆண்டில் ஜெர்மன் மொழி. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் முறையாகக் கற்றுத்தரும் கோத்தே மையங்கள் உள்ளன. அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் பி1 நிலை வரை அவன் படிக்க வேண்டும். ஜெர்மனியில் வாகன மெக்கட்ரானிக்ஸ் என்று, இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த ஒரு தொழிற்பயிற்சி உண்டு, மூன்றரை ஆண்டு. அதில் கனரக வாகனத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கொஞ்ச நேரம் பள்ளி, பெரும்பாலான நேரம் பட்டறை, முதல் மாதத்திலிருந்தே சம்பளம். பயிற்சி முடித்தவனுக்கு அந்த ஊர் லாரிப் பட்டறைகளில் வேலை காத்திருக்கிறது. பந்தய அணிகளிடம் போய் நிற்கும்போதும் அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும். சிறிய அணிகளில் வார இறுதிக்கு வந்து உதவும் மெக்கானிக்குகளுக்கு இடம் உண்டு; உள்ளே நுழையும் கதவு பெரும்பாலும் அதுதான்.

இரண்டாவது வழி, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து, பிறகு ஜெர்மனியில் மேற்படிப்பு. படிக்கும்போதே கோயம்புத்தூர் காரி தடத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி அணியோடு வண்டி கட்டலாம். நல்ல வழிதான். ஆனால் மாணவர் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை வங்கிக் கணக்கில் முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இதுதான் தொகை. மூன்று லாரிக்கும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் நீங்கள் அதற்காக ஒரு லாரியை விற்பதை நான் விரும்பவில்லை. இவன் கை ஓடும் வேகத்தைப் பார்த்தால் முதல் வழிதான் இவனுக்கு ஏற்றது.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஜெர்மனிக்கு அனுப்புகிறேன் என்று லட்சக்கணக்கில் முன்பணம் கேட்கும் இடைத்தரகர்கள் நம் பக்கம் பெருகிவிட்டார்கள். பயிற்சி தரும் பட்டறையின் பெயர் போட்ட ஒப்பந்தம் கையில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் வந்ததும் என்னிடம் கொண்டுவாருங்கள், வரிவரியாகப் படித்துப் பார்ப்போம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவனுடைய மதிப்பெண் பட்டியலை எடுத்துவாருங்கள். அதற்கு முன்பு, பின் சக்கரம் சூடேறுகிறது என்று அன்று சொன்னீர்களே, அந்த வண்டியின் டிரம்மைக் கழற்றும்போது அவனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொப்பூரில் என்ன நடந்தது என்று அவனிடம் சொல்லுங்கள். அவன் வரைந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாவது குழாய் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, கேட்டுச் சொல்லுங்கள்.