ஸ்டார்ச் வாங்கும் கம்பெனி கணக்குக் கேட்கிறது, எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: ஆத்தூர் பக்கம் மாமனார் தொடங்கிய சேகோ (ஜவ்வரிசி) ஆலையை நானும் கணவரும் நடத்துகிறோம். எங்கள் ஸ்டார்ச்சில் பாதிக்கு மேல் பங்குச் சந்தையில் உள்ள ஒரு பெரிய லிஸ்டட் கம்பெனிக்குப் போகிறது. இந்த வருஷம் அவர்கள் 64 கேள்வி கொண்ட படிவம் அனுப்பியிருக்கிறார்கள். கரண்ட், தண்ணீர், கரியமில வாயு, ஆட்களின் பி.எஃப். என்று எல்லாம் கேட்கிறார்கள். "நானே நிரப்பி, சான்றிதழும் வாங்கித் தருகிறேன், இரண்டரை லட்சம் ஆகும்" என்கிறார் ஒரு ஆலோசகர். கையில் இருப்பது 3 லட்சம் எஃப்.டி. மட்டும். உடைக்கலாமா?
- வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: உடைக்காதீர்கள் அம்மா. அந்தப் படிவம் கேட்பதில் முக்கால்வாசி உங்கள் ஆலை மேசை டிராயரிலேயே இருக்கும்.

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் உள்ள லிஸ்டட் கம்பெனிகள் சுற்றுச்சூழல், தொழிலாளர், நிர்வாகம் பற்றி ஆண்டுதோறும் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை வெளியிட வேண்டும் என்று 2022–23 முதல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கிவிட்டது. சப்ளையர் கணக்கு அடுத்த கட்டம். முதல் 250 கம்பெனிகள், தங்கள் கொள்முதலில் 2 சதவீதமோ அதற்கு மேலோ தருபவர்களின் விவரத்தைச் சேர்க்க வேண்டிய கட்டம் அது. 2025–26-க்கு அதுவும் விருப்பம்தான். உங்கள் சரக்கில் பாதி அவர்களுக்குப் போகலாம். அவர்கள் வாங்கும் மொத்தத்தில் நீங்கள் 2 சதவீதம் வருவீர்களா? வரமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். எந்த விதிப்படி கேட்கிறார்கள், சான்றிதழ் கட்டாயமா என்று பர்ச்சேஸ் மேனேஜரிடம் மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஆனால் கணக்கைத் தட்டிக்கழிக்காதீர்கள். 12 மாத ஈ.பி. பில்லை எடுங்கள். மாதம் 20,000 யூனிட் ஓடுகிறது என்று வையுங்கள். நம் நாட்டு மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஆக மாதம் 14 டன். ஆலோசகர் பெரிய வித்தையாகக் காட்டுவது இந்தப் பெருக்கலைத்தான். விறகு, டீசல் பில்களையும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவு களத்தில் வெயிலில் காய்கிறது என்றால், படிவத்தில் கட்டம் இல்லாவிட்டாலும் அதை எழுதுங்கள். உலர்த்த எரிபொருளே செலவழிக்காத ஆலை என்பது உங்களுக்குச் சேர வேண்டிய பெருமை.

சிக்கல் தண்ணீரில்தான் வரும். மரவள்ளிக் கிழங்கு கழுவ, அரைக்க, பால் படிய விட, எல்லாமே போர்வெல் தண்ணீர். போன சீசனில் தலைவாசல் பக்கம் ஒரு ஆலைக்குப் போயிருந்தேன். ஆபீஸ் சுவரில் சான்றிதழ் ஃபிரேம் போட்டுத் தொங்கியது. போர் பைப்பில் மீட்டர் இல்லை. வாங்கும் கம்பெனியிலிருந்து வந்தவர் சான்றிதழைத் திரும்பியும் பார்க்காமல் மீட்டர் நோட்டைத்தான் கேட்டார். நீங்கள் முதலில் மீட்டர் மாட்டுங்கள், சில ஆயிரத்தில் முடியும். பம்ப் போடும் ஆளே தினமும் காலையில் ரீடிங் எழுதட்டும். இதுவரை அளக்காததை 'அளக்கவில்லை' என்றே எழுதுங்கள். குத்துமதிப்பாக எழுதிய எண் அடுத்த வருஷம் மீட்டர் எண்ணோடு மோதும்போது உங்கள் பேர்தான் கெடும்.

அந்தக் கம்பெனி வெளியிடும் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையில் சுற்றுவட்டார மக்கள் கொடுத்த புகார் எத்தனை, தீராமல் நிற்பது எத்தனை என்றும் ஒரு அட்டவணை உண்டு. பங்குதாரர்கள் அதைப் படிக்கிறார்கள். உங்கள் பக்கத்துத் தோட்டக்காரருக்கு அட்டவணை வேண்டாம். புளித்த கழிவுநீர் நாற்றம் குறைய வேண்டும், அவர் கிணறு கெடக்கூடாது. நம் மாவட்டத்தில் பல சேகோ ஆலைகள் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து ஆலைக்கே பயன்படுத்துகின்றன. உங்களிடம் அது இல்லையென்றால், எஃப்.டி.யைத் தொடுவதற்குத் தகுந்த காரணம் அது ஒன்றுதான். திறந்த குட்டையில் தேங்கும் கழிவு மீத்தேனாக வெளியேறுகிறது. அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடேற்றும். ஆனால் மொத்தப் பணத்தையும் அதில் போடாமல், வங்கிக் கடனுக்கு உங்கள் பங்காக மட்டும் வையுங்கள்.

இன்னொன்று, ஆலோசகர் சொல்லியிருக்க மாட்டார். வாங்கிய சரக்குக்குப் பணம் கொடுக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் அந்தக் கம்பெனி இதே அறிக்கையில் சொல்லியாக வேண்டும். கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள், இலவசம்தான். 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு ஆலைக்கு 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. படிவத்தை அனுப்பும் அதே மெயிலில், 45 நாள் தாண்டிய பில்களைத் தேதியோடு பட்டியலிட்டு இணைத்துவிடுங்கள்.