புகையே இல்லை, ஆனாலும் 4.8%: 2009 மாடல் பைக்கின் புகைச் சோதனை

பைக்கில் புகையே தெரியவில்லை, ஆனாலும் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 4.8% என்று வந்திருக்கிறது, கருவி தவறாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அதனால்தான் புகை கண்ணுக்குத் தெரியாமலேயே உங்கள் பைக் 4.8% காட்டியிருக்கிறது. அந்த வயது இருசக்கர வாகனத்துக்கு வரம்பு 3.5%. சோதனைக் கருவியைச் சந்தேகிக்கும் முன், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பாருங்கள். பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகிறது. முழுதாக எரியாத பெட்ரோல்தான் இந்த வாயுவாக வெளியேறுகிறது.

முதலில் சோக் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் அமைப்பு) முழுவதும் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் அதன் கேபிள் பாதியில் சிக்கி நிற்பது வழக்கம். அடுத்தது ஏர் ஃபில்டர்: அது அடைத்திருந்தாலும் காற்று குறையும்.

பிறகு இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, இன்ஜின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி வெளிர்பழுப்பாக இருந்தால் கலவை சரி. விரலில் மைபோல ஒட்டும் உலர்ந்த கரி இருந்தால் பெட்ரோல் அதிகம். கரி ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் நோய் வேறு: பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். அதைக் கார்புரேட்டரில் சரிசெய்ய முடியாது.

கார்புரேட்டரில் பெட்ரோல்-காற்று அளவை மாற்றும் கலவைத் திருகை மெக்கானிக் கருவியின் அளவைப் பார்த்துக்கொண்டே திருப்பட்டும். பெட்ரோலை மிகவும் குறைத்தால் இன்ஜின் சூடேறும். மறுசோதனைக்கு வண்டியைச் சூடாகவே கொண்டுபோங்கள். குளிர்ந்த இன்ஜின் அதிக அளவு காட்டும்.

வீட்டு ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். உங்களுக்கு வந்த தலைவலிக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். வெளிக்காற்றிலும் தணியாவிட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள்.