முதல் தடவை கவுன்சலிங் போகிறீர்களா? டெல்டா வாசகர்கள் கேட்டவை

அடுத்த வாரம் முதல் தடவையாகக் கவுன்சலிங் போகிறேன். என்ன கேட்பார்கள்? பேச்சு வராமல் அழுதுவிட்டால் என்ன செய்வது? (கும்பகோணம் வாசகி)

அழுதால் அழுங்கள். மேசை மேல் டிஷ்யூ பெட்டி இருப்பதே அதற்குத்தான்.

முதல் நாள் பெரும்பாலும் கேள்விகளிலேயே போய்விடும். 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். எப்போது ஆரம்பித்தது, தூக்கம், பசி, மாதவிலக்கு, சர்க்கரை, தைராய்டு, குடும்பத்தில் யாருக்காவது மனநோயோ குடியோ தற்கொலையோ உண்டா என்று வரிசையாக வரும். எல்லாவற்றையும் அன்றே கொட்டித் தீர்க்க வேண்டியதில்லை. "அதை இன்னொரு நாள் சொல்றேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மனசைப் பற்றிச் சொல்ல வார்த்தை வரவில்லையா? தலை பாரம், நெஞ்சடைப்பு, கை கால் எரிச்சல் என்று உடம்பிலிருந்தே தொடங்குங்கள்.

இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளை, நாட்டு மருந்து, லேகியம் உட்பட, கையோடு எடுத்துப் போங்கள். பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டும் வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் மனச்சோர்வில் வருகிற மாதிரியே சோர்வு வரும் என்பதால் அதையும் பார்ப்பார்கள்.

பல இடங்களில் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்கும் அந்தத் தாளின் பெயர் பிஎச்க்யூ-9. கடந்த 2 வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. கணவரோ மாமியாரோ பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே கை தானாகப் பூஜ்யம் போடும். கணக்கு தப்பிப்போவது இந்த இடத்தில்தான். "கொஞ்சம் தனியாப் பேசணும்" என்று மட்டும் சொல்லுங்கள். கூட வந்தவரை வெளியே உட்காரவைப்பது கவுன்சலரின் வேலை, உங்கள் வேலை இல்லை.

மனநல மருத்துவரிடம் போவதா, சைக்காலஜிஸ்டிடமா? மாத்திரை பழக்கமாகிவிடும் என்கிறார்களே? (மன்னார்குடி)

மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மேற்படிப்பும் படித்தவர், மாத்திரை எழுதலாம். சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், மாத்திரை எழுதக் கூடாது. வாரக் கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லை, காதில் குரல் கேட்கிறது, காரணமில்லாத சந்தேகம், சாக வேண்டும் என்ற எண்ணம் என்றால் முதலில் மருத்துவர். படபடப்பு, துக்கம், புருஷன் பெண்டாட்டிச் சண்டை, பரீட்சை பயம் என்றால் பேச்சில் தொடங்கலாம். பலருக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படும்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள். 'கவுன்சலர்' என்ற பலகையை மூன்று மாதப் படிப்பு படித்தவரும் மாட்டிக்கொள்கிறார். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி என்று கேட்டால் முகம் சுளிப்பவரிடம் இரண்டாம் தடவை போக வேண்டாம்.

மனச்சோர்வு மாத்திரைகள் போதைப் பழக்கம் ஆவதில்லை. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், சிலருக்கு 6 வாரம். ஆனால் குமட்டலும் படபடப்பும் முதல் வாரமே வரலாம். "மாத்திரை ஒத்துக்கலை" என்று பாதியில் தூக்கிப் போடுவது அந்த வாரத்தில்தான். நன்றாக ஆனபின் திடீரென நிறுத்துவதும் தப்பு, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பழக்கமாகக்கூடியவை சில தூக்க மாத்திரைகள். அவற்றைச் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

செலவுக்குப் பயந்தால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஓபி காலையில்தான். மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கு எந்தக் கிழமை வருகிறது என்று அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கவுன்சலிங் போனது தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையுமா? (மயிலாடுதுறை)

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23, உங்கள் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகள் விலக்கு. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தாக வேண்டும். இந்த எல்லைகளை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் முறை, சொல்லாவிட்டால் கேளுங்கள். வரன் விசாரிக்க வருகிறவர் இந்தப் பட்டியலில் இல்லை. வெயிட்டிங் ஹாலில் சொந்தக்காரர் கண்ணில் படுவதைத்தான் எந்தச் சட்டமும் தடுக்காது. பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போகலாம்.

பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு படபடத்து உயிர் போகிற மாதிரி இருக்கிறது. இதய டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். கவுன்சலிங் இரண்டு தடவை போயும் குணமில்லை. (பட்டுக்கோட்டை)

இரண்டு தடவையில் யாரும் குணமாவதில்லை. இந்தக் கோளாறுக்கு வாரம் ஒருமுறை வைத்து சுமார் 12 சந்திப்பு கணக்கு. அதைவிட முக்கியம், கொடுத்த வீட்டுப்பாடத்தைச் செய்தீர்களா?

உங்கள் விஷயத்தில் வேலை நடக்கும் இடம் பஸ்தான், கவுன்சலரின் அறை இல்லை. படபடப்பு பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறி, பிறகு தானாக இறங்கும். உச்சியில் பயந்து பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டால், "இறங்கியதால்தான் பிழைச்சேன்" என்று மூளை பாடம் படித்துக்கொள்ளும். மறுமுறை பயம் கூடும். அதனால் ஏணிப்படி மாதிரிப் போவார்கள். முதலில் பஸ் ஸ்டாண்டில் சும்மா நிற்பது. அடுத்து நிற்கிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது. பிறகு ஒரத்தநாடு வரை, கடைசியில் தஞ்சாவூர். ஒவ்வொரு தடவையும் பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போட்டு நோட்டில் எழுத வேண்டும். மார்க் பாதியாகக் குறையும் வரை அதே படியை விடாமல் செய்யுங்கள். தண்ணீர் பாட்டில், சாமி படம், துணைக்கு மச்சான் எல்லாம் ஆரம்பத்தில் சரி. பின்னால் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்.

நாலைந்து சந்திப்புக்குப் பிறகும் எதை நோக்கிப் போகிறோம் என்று புரியவில்லை என்றால் அதை அவரிடமே கேளுங்கள். பதில் திருப்தியில்லாவிட்டால் ஆளை மாற்றலாம், அது துரோகமில்லை. நடவு, அறுப்பு நாட்களில் வர முடியாதா? முன்கூட்டியே சொல்லி இடைவெளியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் சிகிச்சை அறுந்துபோவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் இருக்க வேண்டுதல். மாத்திரையை நிறுத்தலாமா? (திருத்துறைப்பூண்டி)

வேண்டுதல் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். 48 நாளுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு போங்கள்.

வீட்டில் எட்டுப் பேர், போனில் எப்படி மனம்விட்டுப் பேசுவது? (வேதாரண்யம்)

அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். மோட்டார் கொட்டகை, களத்துமேடு, கோயில் குளத்தங்கரை, எங்கே சிக்னல் எடுக்கிறதோ அங்கே போய்ப் பேசுங்கள். போனை ஸ்பீக்கரில் போடாதீர்கள்.

பயிர் போனதிலிருந்து அப்பா "இருந்து என்ன" என்றே பேசுகிறார். டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார். (நீடாமங்கலம்)

இன்றைக்கே செய்ய வேண்டியது, பூச்சிமருந்து அத்தனையையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துவது. பங்காளி வீட்டிலோ நம்பிக்கையான கடையிலோ பூட்டி வையுங்கள், சாவி அப்பாவுக்குத் தெரியக் கூடாது. அந்த எண்ணம் பல சமயம் சிறிது நேரத்தில் தணிந்துவிடும், கைக்கெட்டும் பாட்டில்தான் அந்த நேரத்தை ஆபத்தாக்குகிறது.

பிறகு நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாப்பா?" கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஏதாவது குடித்துவிட்டார் என்ற சந்தேகம் வந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பிரஷர் பார்க்கப் போகலாம் என்று பொய் சொல்லி அழைத்துப்போனால் இரண்டாம் தடவை வரமாட்டார். "ராத்திரி தூங்காம உட்கார்ந்திருக்கீங்களேப்பா, அதுக்கு ஒருத்தரைப் பார்க்கலாம்" என்பது பொய்யில்லை. அதற்கும் அசையாவிட்டால் முதல் சந்திப்புக்கு நீங்கள் மட்டும் போங்கள். வீட்டாரிடம் நிலவரம் கேட்டு, அவரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லி அனுப்புவார்கள்.